ஆற்றைத் திருத்துமுன் ஆற்றின் நிலையை அறிதல்

களனி கங்கையின் கீழ்ப்பகுதியிலும் கொழும்புக் கால்வாய்களின் அயலிலும் நெல், மரக்கறி, கீரை செய்வோருக்கான விளக்கம்

வைத்தியர் நாடியைப் பாராது மருந்து கொடுப்பதில்லை. கமக்காரர் மண்ணின் ஈரத்தைப் பாராது விதைப்பதில்லை. ஆயினும் ஆறு, வடிகால், கால்வாய் ஆகியவற்றைத் திருத்தும் வேலை வரும்போது மட்டும் நாம் பெரும்பாலும் மண்வெட்டியை முதலிலும் ஆராய்ச்சியைப் பின்னரும் எடுத்துக்கொள்கின்றோம். வயலில் நீர் தேங்கினால் வடிகாலை ஆழமாக்குகின்றோம். கரை இடிந்தால் கல் அடுக்குகின்றோம். களை பெருகினால் வாரிக் கொட்டுகின்றோம். நோயின் காரணம் வேறிடத்தில் இருக்குமாயின் இவ்வேலைகளால் பணமும் உழைப்பும் வீணாவதோடு, நிலமும் கெட்டுவிடக் கூடும். ஆதலால் வேலையைத் திட்டமிடுமுன் ஆற்றின் நிலையைக் கமக்காரர் தாமே எவ்வாறு ஆராய்ந்து அறியலாம் என்பதை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

1. முத்துராஜவெல தரும் பாடம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே சென்று களனி கங்கையைக் கடந்தால், ஆற்றின் முகத்துவாரத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே முத்துராஜவெல என்னும் பெரிய சதுப்பு நிலம் கிடக்கின்றது. இதன் பரப்பு ஏறத்தாழ 3,000 ஹெக்டயர் ஆகும். இன்று நாணலும் புல்லும் நிறைந்த இந்நிலம் கோட்டை அரசர் காலத்தில் நெல் விளைந்த வயலாக இருந்தது. பெயரின் இறுதியிலுள்ள ‘வெல’ என்னும் சிங்களச் சொல் வயலையே குறிக்கும்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் களனி கங்கையையும் நீர்கொழும்பையும் இணைக்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஆனால் கடல் நீர் அக்கால்வாய் வழியே உள்ளே புகுந்து வயல்களை உவராக்கியது. பின்னர் ஆங்கிலேயர் 1802ஆம் ஆண்டில் ஹமில்டன் கால்வாயை வெட்டத் தொடங்கி 1804ஆம் ஆண்டில் முடித்தனர். 14.5 கிலோமீற்றர் நீளமான இக்கால்வாயின் நோக்கம் முத்துராஜவெலயிலிருந்து உவர் நீரை வடித்து வயல்களை மீட்பதாகும். அந்நோக்கம் நிறைவேறவில்லை. நீரை வெளியே விடும் வழி, கடல் பெருகும்போது நீரை உள்ளே விடும் வழியாகவும் அமைவது இயல்பு. இரு நூற்றாண்டுகள் கழிந்தும் அவ்வயல்கள் மீளவில்லை.

நம் வடிகால் சிறியது, நம் வயல் சில ஏக்கரே என்று எண்ண வேண்டா. நீர் நடக்கும் விதி பெரிய கால்வாய்க்கும் சிறிய வடிகாலுக்கும் ஒன்றே. இதை எழுதுபவரும் இப்பிழையைச் செய்தவரே. தாழ்நிலக் கிராமம் ஒன்றில் மழைக் காலத்தில் ஒரே ஒரு நாள் சென்று பார்த்து, தூர்ந்த வடிகாலை இரண்டடி ஆழமாக்கலாம் என்று ஆலோசனை கூறினார். கமக்காரர் தம் செலவில் அதைச் செய்தனர். அவ்வாண்டு மழை நீர் விரைவில் வடிந்தது, எல்லோரும் மகிழ்ந்தனர். அடுத்த மாசி மாதத்தில் அதே வடிகால் வழியாகக் கடற்பெருக்கு ஏறி வந்தது. கீரைப் பாத்திகள் கருகின. இரண்டு போகம் பயன் இல்லாமற் போயிற்று. வறட்சிக் காலத்தில் வடிகாலின் அடியிலிருந்து ஒரு போத்தல் நீர் எடுத்துச் சோதித்திருந்தால் அந்நட்டம் நேர்ந்திராது.

2. களனி கங்கையின் இயல்பு

சிவனொளிபாதமலைச் சாரலிலே தோன்றும் களனி கங்கை ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்புக்கு வடக்கே முகத்துவாரத்தில் கடலோடு கலக்கின்றது. மலைப்பகுதியில் மழை மிகுதி. ஆதலின் கொழும்பில் வானம் வெளித்திருக்கும் நாளிலும் மேலே பெய்த மழையால் கீழே வெள்ளம் வரலாம். ஆற்றின் நிலையை நம் ஊர் மழையை மட்டும் வைத்துக் கணிப்பது தவறாகும்.

கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள நாகலகம் வீதியில் ஆற்று நீர்மட்ட அளவுகோல் ஒன்று உண்டு. அங்கே நீர்மட்டம் 5 அடியை எட்டினால் சிறு வெள்ளம், 7 அடியை எட்டினால் பெரு வெள்ளம், 9 அடியை எட்டினால் அபாய வெள்ளம், 12 அடியைக் கடந்தால் மிக நெருக்கடியான வெள்ளம் என வகுக்கப்பட்டுள்ளது. 1947ஆம் ஆண்டு வெள்ளம் அங்கே 12 அடிக்கு மேல் ஏறியது. 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளம் 7 அடியைக் கடந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போதும் ஆற்றோரத் தாழ்நிலங்கள் மூழ்கின.

வெள்ளம் ஒருபுறமிருக்க, வறட்சிக் காலத்தில் வேறொரு தொல்லை உண்டு. பல்லாண்டுகளாக மணல் அகழப்பட்டதனால் ஆற்றடி தாழ்ந்துவிட்டது. முகத்துவாரத்திலிருந்து பல கிலோமீற்றர் தூரத்துக்கு அது கடல் மட்டத்திலும் கீழே கிடக்கின்றது. மேலிருந்து வரும் நீர் குறையும் மாதங்களில் உவர் நீர், முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தூரத்திலுள்ள அம்பத்தளையை நோக்கி ஏறுகின்றது. கொழும்பு மக்களுக்குக் குடிநீர் எடுக்கும் இடம் அதுவே. அவ்விடத்தைக் காக்க வறட்சிக் காலங்களில் ஆற்றின் குறுக்கே மணல் மூடைகளால் தடுப்பு இட வேண்டியதாயிற்று. ஆகவே இவ்வாற்றில் ‘ஆழமாக்குதல்’ என்பது எப்போதும் நன்மை தரும் வேலை அன்று.

3. ஆராய்ச்சிக்கு உரிய காலம்

ஒரு நாட் பார்வை போதாது. குறைந்தது இரண்டு பருவங்களில் பார்த்தல் வேண்டும். முதலாவது, ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்கள். உவரும் அழுக்கும் அப்போதே வெளிப்படும். இரண்டாவது, தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே, யூன் மாதங்கள் அல்லது ஒக்டோபர், நவம்பர் மாதங்கள். நீர் தேங்கும் இடமும் கரை அரிப்பும் அப்போதே தெரியும். கடலுக்கு அண்மையிலுள்ளோர் ஒவ்வொரு முறையும் பெருக்கு நேரத்தில் ஒரு தடவையும் வற்று நேரத்தில் ஒரு தடவையும் பார்த்தல் அவசியம். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆயினும் தட்டையான நிலத்தில் அச்சிறு உயரமே கடல் நீரை வெகுதூரம் உள்ளே கொண்டுசெல்லப் போதுமானது.

4. கரையோரமாக நடந்து பார்த்தல்

திருத்த எண்ணியுள்ள இடத்தை மட்டும் பாராது, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு கிலோமீற்றர் நடந்து பார்த்தல் வேண்டும். ஒரு தாளில் ஆற்றின் வளைவுகளைக் கீறி, பின்வருவனவற்றை அதிற் குறித்துக்கொள்க.

(அ) கரை இடிந்துள்ள இடங்கள். இடிவு வளைவின் வெளிப்புறத்தில் மட்டுமா, இருபுறமுமா என்பதையும் எழுதுக.
(ஆ) மரவேர்கள் நீருக்கு மேலே தொங்கும் இடங்கள். பாலத் தூண்களின் அடிப்பாகம் வெளியே தெரியும் இடங்கள். இவை ஆற்றடி தாழ்ந்தமைக்கு அடையாளம்.
(இ) மணல் மேடுகள், சேறு படிந்த இடங்கள்.
(ஈ) வடிகால்கள், கழிவு நீர்க் குழாய்கள் வந்து சேரும் இடங்கள்.
(உ) மதகுகள், பாலங்கள், நீர்க்கதவுகள் ஆகியவற்றின் அகலமும் நிலையும்.

பின்பு ஊர் முதியோரிடம் வினவுக. எந்த ஆண்டு வெள்ளம் எந்தச் சுவர் வரை வந்தது, முன்பு எங்கே குளித்தனர், எந்த மீன் கிடைத்தது, எவ்வாண்டு முதல் கிணறு உவர்த்தது என்பவற்றை அவர்களே அறிவர். நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்களோடு இன்றைய போக்கை ஒப்பிட்டால் ஆறு எங்கே நகர்ந்தது, எவ்வடிகால் மூடப்பட்டது என்பது தெளிவாகும்.

5. நீர் தேங்குவதன் காரணத்தைக் கண்டறிதல்

வயலில் நீர் வடியாமைக்குக் காரணம் வயலருகே இருக்க வேண்டுமென்பதில்லை. வெள்ளவத்தைக் கால்வாயின் கடல்வாயை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அலைகள் மணலைக் கொணர்ந்து அவ்வாயில் மேடாக்குகின்றன. அம்மணல் வெட்டப்படாதிருக்கும் நாளில் பெருமழை பெய்தால், கடலிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளேயுள்ள தாழ்நிலங்களிலும் நீர் நிற்கும். அங்கே நின்று வடிகாலைத் தோண்டுவோர் எவ்வளவு தோண்டினாலும் நீர் போகாது.

தடை எங்கே என்பதை எளிய முறையால் அறியலாம். வயலில் ஒன்றும், வெளியே ஆறு வரையுள்ள ஒவ்வொரு மதகின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஒவ்வொன்றுமாக அளவுக் கம்புகளை நடுக. மேசன்மார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயினால் எல்லாக் கம்புகளிலும் ஒரே மட்டக் குறியிடுக. மழை விட்டபின் ஒரே மணி நேரத்துக்குள் எல்லாக் கம்புகளிலும் நீர் அக்குறிக்கு எவ்வளவு கீழே நிற்கின்றதென அளந்து எழுதுக.

இரண்டு கம்புகளுக்கு இடையே நீர்மட்டம் திடீரென இறங்குமாயின் அவ்விடத்திலேயே தடை உண்டு. அம்மதகையோ அத்துண்டையோ திருத்தினால் போதும். இறக்கம் சிறிது சிறிதாக எங்கும் பரந்திருந்தால் வடிகால் முழுவதும் தூர்ந்துள்ளது அல்லது களை அடைத்துள்ளது. வயலிலும் ஆற்றிலும் நீர் ஒரே மட்டத்தில் நின்றால் தடை ஒன்றும் இல்லை. ஆறே உயர்ந்து நிற்கின்றது. அந்நிலையில் தோண்டுதலால் பயனில்லை. நீர்க்கதவு, நீரிறைக்கும் இயந்திரம், வெள்ளம் தாங்கும் நெல்லினம், நடுகைக் காலத்தை மாற்றுதல் ஆகியவற்றையே சிந்தித்தல் வேண்டும்.

6. ஓட்டத்தை அளத்தல்

சிறு வடிகாலிலும் ஓடையிலும் நீரின் அளவை ஒரு தோடம்பழத்தைக் கொண்டு அளக்கலாம். நேராக ஓடும் 20 மீற்றர் துண்டைத் தெரிந்து இரு முனையிலும் கயிறு கட்டுக. பழத்தை மேற்கயிற்றுக்குச் சிறிது மேலே இட்டு, அது இரு கயிறுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் குறிக்க. மூன்று முறை செய்து சராசரி காண்க. பின்பு கயிற்றின் கீழே ஒவ்வொரு மீற்றருக்கும் கம்பினால் ஆழம் அளந்து சராசரி ஆழத்தைக் காண்க.

உதாரணம்: அகலம் 6 மீற்றர், சராசரி ஆழம் 0.5 மீற்றர் எனின் குறுக்குப் பரப்பு 3 சதுர மீற்றர். பழம் 50 செக்கனில் 20 மீற்றர் கடந்தால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். அடியில் நீர் மெதுவாகவே ஓடுமாதலின் இதனை 0.85 ஆற் பெருக்குக, 0.34 வரும். 3 ஐ 0.34 ஆற் பெருக்கினால் செக்கனுக்கு 1.02 கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 1,000 இலீற்றர் ஆகும். இவ்வளவை மழைக் காலத்திலும் வறட்சியிலும் கண்டு வைத்திருந்தால், மதகு எவ்வளவு பெரிதாக வேண்டும், பாசனத்துக்கு எவ்வளவு நீர் உண்டு என்பவற்றைப் பொறியியலாளர் சரியாகக் கணிப்பார்.

7. உவரைச் சோதித்தல்

உவர் நீர் நன்னீரிலும் பாரமானது. ஆதலால் அடியிலே தங்கும். மேல்நீரைக் கையில் அள்ளிச் சுவைத்து ‘நல்ல நீர்’ என்று முடிவு செய்வோர் ஏமாறுவர். ஒரு போத்தலை நீண்ட கம்பின் நுனியிற் கட்டி, அதன் தக்கையில் நூல் கட்டுக. போத்தலை அடிவரை இறக்கியபின் நூலை இழுத்தால் தக்கை கழன்று அடிநீர் நிரம்பும். மேல்நீர், அடிநீர் ஆகிய இரண்டையும் தனித்தனிப் போத்தல்களில் எடுத்து, இடம், தேதி, நேரம், வற்றா பெருக்கா என்பவற்றை ஒட்டி அனுப்புக.

உப்பின் அளவு மின்கடத்துதிறன் மானியால் அளக்கப்படும். பாசன நீரில் மீற்றருக்கு 0.7 டெசிசீமன் அளவைக் கடந்தால் போஞ்சியின் விளைச்சல் குறையத் தொடங்கும், தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2 என்பன எல்லைகளாகும். கடல் நீரின் அளவு ஏறத்தாழ 50 ஆகும். ஆகவே நூறு வாளி நன்னீரில் ஐந்து வாளி கடல் நீர் கலந்தாலே நெல்லுக்குக் கேடு வரும்.

8. அழுக்கைச் சோதித்தல்

நீரின் நிறம், மணம், நுரை, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே நேரத்திற் குறிப்பது பயனுடையது. சில கழிவுகள் இரவிலோ விடுமுறை நாளிலோ மட்டும் விடப்படுவதுண்டு. கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை முதலிய கீரை செய்வோர் இதில் மிகுந்த கவனம் செலுத்துதல் வேண்டும். கங்குன் நீரிலுள்ள பார உலோகங்களைத் தன் தண்டிலும் இலையிலும் ஈர்த்துச் சேர்க்கும் இயல்புடையது. கழுவுவதால் அவை நீங்கா. பச்சையாக உண்ணும் கீரையில் மலக்கிருமியும் சேரும். சந்தேகம் எழுந்தால் நீரையும் கீரையையும் ஆய்வுகூடத்தில் சோதிப்பித்து, முடிவு வரும்வரை அந்நீரைப் பாய்ச்சாதிருப்பதே உண்போர்க்குச் செய்யும் நீதி.

நீரில் இறங்குவோர் சப்பாத்தும் கையுறையும் அணிக. தாழ்நில வடிகால்களில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறுக. ஆழமான ஆற்றில் எவரும் தனியே இறங்கலாகாது.

9. அடிமண்ணையும் களையையும் பார்த்தல்

சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டுமுன் அடிமண்ணைச் சோதித்தல் இன்றியமையாதது. மக்கிய இலையும் வேரும் நிறைந்த கரிய மண்ணிலிருந்து நீரை முற்றாக வடித்தால் அது சுருங்கித் தாழும். நிலம் முன்னிலும் பள்ளமாகி மேலும் நீர் கட்டும். சில சேற்று மண்ணில் கந்தகச் சேர்வை உண்டு. அது நீரின் கீழே தீங்கு செய்யாது. காற்றுப் பட்டதும் கடும் புளிப்பாகி வேரைக் கெடுக்கும். வெட்டப்போகும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்து, ஈரமாகவே சில வாரங்கள் திறந்து வைத்து, முன்னும் பின்னும் அதன் அமில கார அளவைக் காண்க. அது 4க்குக் கீழே இறங்கினால் அம்மண்ணை வெளியே எடுத்தல் தகாது.

ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் நீரை மூடியிருந்தால் அவற்றை அகற்றுவது நல்லதே. 1909ஆம் ஆண்டிலேயே ஆகாயத்தாமரைக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டும் அது இன்னும் ஒழியவில்லை என்பதைக் கருதுக. வீட்டுக் கழிவும் மிகையாக இட்ட உரமும் நீரிற் கலக்கும்வரை களை மீண்டும் மீண்டும் வளரும். எவ்வடிகாலின் வாயருகே களை மிக அடர்ந்துள்ளதோ அவ்வடிகாலின் மேற்பகுதியை ஆராய்க.

10. பதிவின் பயன்

மேற்கூறிய அனைத்தையும் ஒரு கொப்பியில் தேதியோடு எழுதி வைத்தல் வேண்டும். வேலைக்கு முந்திய நிலை எழுதப்படாவிடின், வேலை பலன் தந்ததா என்பதைப் பின்னர் எவராலும் கூற இயலாது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வெள்ளத்தைத் தடுக்கும் பொருட்டுக் கிசிமி ஆறு 1962 முதல் 1971 வரை நேரான கால்வாயாக்கப்பட்டது. வளைந்து வளைந்து 166 கிலோமீற்றர் ஓடிய ஆறு 90 கிலோமீற்றராகக் குறுகியது. ஆற்றோரச் சதுப்புகள் வறண்டன. மீனும் பறவையும் குறைந்தன. பின்னர் அதன் ஒரு பகுதியைப் பழைய வளைவுகளுக்கே திருப்பும் வேலை 1999ஆம் ஆண்டில் தொடங்கி 2021ஆம் ஆண்டிலேயே முடிந்தது. இம்முறை அவர்கள் நீர், மீன், பறவை, செடி ஆகியவற்றின் நிலையை முன்னதாகவே அளந்து பதிந்தனர். செல்வம் மிகுந்த நாட்டுக்கே ஒரு பிழையைத் திருத்த இருபதாண்டுக்கு மேல் சென்றதெனின், நாம் எவ்வளவு கவனமாக இருத்தல் வேண்டும்!

11. முடிவு செய்தல்

ஆராய்ச்சி முடிந்தபின் கமக்காரர் அமைப்பைக் கூட்டி, கண்டவற்றை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க. மேல்வயலுக்கு நன்மையான வேலை கீழ்வயலுக்குத் தீமையாகலாம். ஆகையால் இரு திறத்தாரும் கூடியிருத்தல் நன்று. பின்பு பதிவுக் கொப்பியுடன் கமநல சேவை நிலையத்தை அணுகுக. ஆற்றங்கரையிலும் வெள்ளத்தடுப்பு அணையிலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதியின்றி வெட்டுதலோ நிரப்புதலோ கூடாது. வெள்ளத்தடுப்புக்கென 1924ஆம் ஆண்டு முதல் சட்டம் உண்டு. மணல் அகழ்வதற்கும் தனியே அனுமதிப்பத்திரம் வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

(1) வறட்சியிலும் மழையிலும் பார்த்தபின்னரே திட்டமிடுக.
(2) நீர் தேங்கும் இடத்தை மட்டுமன்றி, அது கடலை அல்லது ஆற்றை அடையும் வாயையும் பார்க்க.
(3) மேல்நீரோடு அடிநீரையும் சோதிக்க.
(4) கரை இடிந்தால் முதலில் ஆற்றடி தாழ்ந்துள்ளதா எனக் காண்க. அடி தாழும் இடத்தில் மேலே அடுக்கிய கல் நிலைக்காது.
(5) வடிகாலை ஆழமாக்குமுன், அதன் வழியே என்ன வெளியேறும் என்பதோடு என்ன உள்ளே வரும் என்பதையும் வினவுக.
(6) கண்டவற்றை எழுதி வைக்க.

ஒரு கயிறு, சில கம்புகள், இரண்டு போத்தல்கள், ஒரு கொப்பி ஆகியவற்றோடு ஓராண்டுப் பொறுமையும் இருந்தால் இவ்வாராய்ச்சியைச் செய்து முடிக்கலாம். உவரேறிய நிலத்தை மீட்க ஒரு தலைமுறையும் போதாதென்பதை முத்துராஜவெல காட்டுகின்றது. நீர் மாதிரிகளை அனுப்பும் முறை, அளவுக் கம்பு நடும் முறை ஆகியவற்றை நேரில் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.